போய்ச் சேரும் வரை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் வரலாறு படித்தேன். அப்புறம் பட்டாளத்தில், சிக்னல்ஸ் பிரிவில், 24 வருஷம். ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சண்டை பாத்தியளா அண்ணாச்சி?" பார்த்தது கொஞ்சம். அதைவிட அதிகமாகப் பார்த்தது காத்திருப்பு. ஒரு சிப்பாயின் சர்வீஸில் சுட்ட நேரத்தைக் கூட்டினால் சில மணி நேரம்கூடத் தேறாது. வண்டிக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் உத்தரவுக்கும் காத்திருந்ததைக் கூட்டினால் வருஷக்கணக்கில் வரும். சினிமாவில் அதைக் காட்ட மாட்டார்கள். காட்டினால் தியேட்டர் காலியாகிவிடும். ஆனால் சண்டையின் முடிவைச் சில சமயம் அந்தக் காத்திருப்பே தீர்மானித்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். முதலில் என் சொந்தப் பயணம் ஒன்று. அதன்பின் நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு பட்டாளத்தின் பயணம்.

2006-ல் ஐ.நா. அமைதிப்படைக்காக என்னைக் காங்கோ நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே 1999 முதல் ஐ.நா. படை இருந்தது. அப்போது அதன் பெயர் மோனுக். 2010-ல் மோனுஸ்கோ என்று மாற்றினார்கள். நாட்டின் கிழக்குக் கோடியில் வடக்குக் கீவு என்றொரு மாகாணம். அதன் தலைநகர் கோமா. இந்தியப் படைப்பிரிவு இருந்தது அங்கேதான்.

டெல்லியில் பயிற்சி முடிந்தது. கனமான சாமான்களெல்லாம் கன்டெய்னரில் ஏறி, கப்பலில் முன்னாடியே போய்விட்டன. ஆகஸ்ட் கடைசியில் எங்களுக்குத் தேதி கொடுத்தார்கள். கிட் பேக்கைக் கட்டி, எடை போட்டு, பெயர் எழுதி வரிசையில் வைத்தாயிற்று. வீட்டுக்குப் போன் பண்ணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாயிற்று. அப்போதுதான் மஞ்சள் காய்ச்சல் அட்டை வடிவில் முதல் தடங்கல் வந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அந்த மஞ்சள் நிற அட்டை செல்லும். எங்களில் பாதிப் பேருக்கு ஊசி பிந்திப் போட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு நாள் ஆகிவிட்டது, பாதிப் பேருக்கு ஆகவில்லை. பிரித்து அனுப்ப முடியாது. தேதி தள்ளிப்போயிற்று.

அடுத்த தேதி வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஃபால் இன். பஸ்ஸில் ஏறி விமான நிலையம் போனோம். விமானம் வரவில்லை. பகல் முழுக்க வெறுந்தரையில் கிட் பேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தோம். எந்த நாட்டு வான்வழியிலோ பறக்க அனுமதி வரவில்லை என்றார் ஒருவர், விமானம் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றார் இன்னொருவர். எது உண்மை என்று கடைசி வரை தெரியாது. சாயங்காலம் திரும்பவும் டிரான்சிட் கேம்ப். காலையில் மடித்து ஒப்படைத்த கம்பளியைக் கையெழுத்துப் போட்டு மறுபடி வாங்கினோம்.

மூன்றாவது தேதியில் விமானம் வந்தது. ஏறி உட்கார்ந்தோம், பெல்ட் போட்டோம். நாலு மணி நேரம் உள்ளேயே வைத்திருந்துவிட்டு, இயந்திரத்தில் கோளாறு, இறங்குங்கள் என்றார்கள். எங்கள் கம்பெனியில் பஞ்சாபி, மலையாளி, ஒரியாக்காரர் எல்லோரும் உண்டு. அன்றைக்கு எல்லா மொழியிலும் திட்டு கேட்டேன். அதில் நம்ம மொழிதான் முன்னால் நின்றது என்பதை இந்தச் சபையில் அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த வாரங்களில் உண்மையிலேயே கஷ்டமானது எது தெரியுமா? போன்தான். புறப்படும்போது வீட்டில் ஒரு தரம் அழுது முடித்திருப்பார்கள். மறுநாள் போன் பண்ணி "இன்னும் கிளம்பலை" என்றால் ஒரு சந்தோஷம். அடுத்த வாரம் மறுபடி விடைபெற்று, மறுபடி "கிளம்பலை" என்றால் அந்தச் சந்தோஷம் பாதி. மூன்றாவது தரம் என் அம்மா கேட்டது: "ஏய்யா, நீ போறியா இல்லையா? ஊர்ல எல்லாரும் கேக்காவோ, என்னன்னு சொல்ல?" தெருவில் போகிறவர்களெல்லாம் என் மனைவியைப் பார்த்து "இன்னும் போகலியா?" என்று கேட்பார்களாம். போகிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு, வந்தவனுக்கும் உண்டு. நடுவில் நிற்கிறவனுக்கு இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி, பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் டெல்லியின் மழைக்கால ஈரத்தில் இளகிப்போய், சட்டைத் துணியோடு ஒட்டிக்கொண்டது. காங்கோவில் ஒரு வருஷமும் அந்தச் சட்டையில் கருப்பட்டி வாசம் போகவில்லை.

காத்திருப்பு ஆட்களை என்ன செய்யும் என்று அங்கே பார்த்தேன். முதல் வாரம் எல்லோரும் உற்சாகம். இரண்டாவது வாரம் சீட்டுக்கட்டு. மூன்றாவது வாரம் சின்னச் சின்னச் சண்டை: கட்டிலை யார் நகர்த்தினது, சோப்பை யார் எடுத்தது. பிறகு பேச்சு குறைந்துவிடும். ஆள் தூங்கிக்கொண்டே இருப்பான். உடம்பில் நோய் ஒன்றும் இருக்காது, ஆனால் ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். இதற்கு மருந்து தெரிந்த ஒரு சுபேதார் எங்களோடு இருந்தார். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓட்டம். பத்து மணிக்கு வகுப்பு. ரேடியோ பெட்டியைக் கழற்று, மாட்டு. மத்தியானம் ஸ்வாஹிலி பாடம். இருட்டினால் வாலிபால். நாங்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் போய் இறங்கினபோது எங்கள் கால்கள் வேலை செய்தன என்றால் அதற்கு அவர்தான் காரணம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செப்டம்பர் கடைசியில் ஒருவழியாகப் பறந்தோம். போய் இறங்கியது கோமாவில் அல்ல, உகாண்டாவில் என்டெபியில். 1976-ல் இஸ்ரேலியக் கமாண்டோக்கள் இறங்கிப் பணயக் கைதிகளை மீட்டார்களே, அதே என்டெபி. பூமத்திய ரேகைக்கு மிக அருகில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. நேரே கோமா போகாததற்கு ஒரு காரணம் உண்டு. கோமாவுக்கு வடக்கே நீராகோங்கோ என்றொரு எரிமலை. 2002 ஜனவரி 17-ல் அது வெடித்து, நெருப்புக் குழம்பு ஊருக்கு நடுவே ஓடி ஏரியில் போய் விழுந்தது. வழியில் விமான நிலையத்தையும் விடவில்லை. ஓடுபாதையின் வடக்குப் பகுதியை மூடி அப்படியே பாறையாகிவிட்டது. மிச்சமிருந்த ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்க முடியாது. ஆகவே என்டெபியில் இறங்கி, சின்ன விமானங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துக் காங்கோவில் தேர்தல். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து நடந்த பலகட்சித் தேர்தல். ஜூலை 30-ல் முதல் சுற்று முடிந்து, அக்டோபர் 29-ல் இரண்டாவது சுற்று நடக்க இருந்தது. சாலையே இல்லாத நாட்டில் வாக்குச் சீட்டும் பெட்டியும் விமானத்தில்தான் போக வேண்டும். அதுவும் முடிந்த மட்டும் எங்களுக்கு முன்னால்தான் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தேர்தல் நடப்பதற்காகத்தானே எங்களையும் அனுப்பினார்கள்!

என்டெபியில் ஐந்து நாள் இருந்தோம். மனுஷன் உயரத்துக்கு வழுக்கைத் தலைக் கொக்குகள் குப்பைமேட்டில் நிற்கும். சாயங்காலமானால் ஏரியிலிருந்து பூச்சிகள் மேகம்போல எழும்பி வரும். விமானம் எப்போது என்று கேட்கப் போனால், அங்கே பொறுப்பிலிருந்த கென்யாக்காரர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே "போலே போலே" என்பார். எங்களில் நான் ஒருவன்தான் நெல்லைக்காரன். "என்னடா இது, ஆப்பிரிக்காவிலே நம்மளை 'போலே போலே'ங்கான்!" என்று முதல் தரம் திடுக்கிட்டுத்தான் போனேன். அதற்குள் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. ஸ்வாஹிலியில் அதற்கு 'மெல்ல மெல்ல' என்று அர்த்தம். நான் நம்ம ஊர் அர்த்தத்தை அவருக்குச் சொன்னேன். அவர் மேஜையில் தட்டிச் சிரித்தார். அதிலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

அவர்தான் ஒருநாள் சொன்னார், இந்தியச் சிப்பாய்கள் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல, முதல் உலகப்போரிலேயே வந்தவர்கள், கடற்கரையோரம் அவர்கள் கல்லறைகள் உண்டு என்று. டாங்கா என்ற பெயரை அப்போதுதான் கேட்டேன். வரலாறு படித்தவன்தான், ஆனாலும் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் வந்ததாக நினைவில்லை. ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட கிழக்கு ஆப்பிரிக்கப் போர் வரலாறு, ஹோர்டர்ன் தொகுத்தது, 1941-ல் வந்தது. அதைத் தொடங்கி வேறு சிலவும் படித்தேன். டாங்காவில் இறங்கிய பட்டாளங்களின் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தவுடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

நம்ம பாளையங்கோட்டைதான். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் நிற்கிறதே, அந்தக் கோட்டை வாசலுக்கு உரிய பாளையங்கோட்டை. பெயர் நம்ம ஊருடையது என்றாலும் ஆட்கள் மதராஸ் மாகாணம் முழுவதிலிருந்தும் சேர்ந்தவர்கள். அதே படையில் 61-வது பயனியர்ஸும் உண்டு, அதுவும் மதராஸ் பட்டாளம்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. இன்றைய டான்சானியா அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. அதைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட ஒரு படையை அவசரமாகத் திரட்டினார்கள். தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். செப்டம்பர் கடைசிக்குள் படையின் பெரும்பகுதி பம்பாயில் கப்பலேறிவிட்டது. ஏறியதோடு சரி, கப்பல் நகரவில்லை.

ஏன் என்று கேட்டால், நமக்கெல்லாம் தெரிந்த ஓர் ஆசாமியின் பெயர் வருகிறது. எம்டன்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். "அவன் பெரிய எம்டன்லே" என்று நாம் இன்றைக்கும் சொல்வது அந்தக் கப்பலின் ஞாபகம்தான். இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 20-ல், கோனிக்ஸ்பெர்க் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் சான்சிபார் துறைமுகத்தில் பெகாசஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தது. இந்துமாக்கடலில் இப்படி இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருக்கும்போது, காவல் இல்லாமல் சிப்பாய்க் கப்பல்களை அனுப்ப முடியாது. காவலுக்குப் போர்க்கப்பல் போதவில்லை. எனவே காத்திருந்தார்கள். சென்னையை ஒரு ராத்திரி நடுங்க வைத்த கப்பல், பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய பட்டாளம் பம்பாயில் காத்துக்கிடந்ததற்கும் ஒரு காரணமாயிற்று. எம்டன் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம், இந்தப் பாதியை யாரும் நமக்குச் சொன்னதில்லை.

கப்பல் நின்றாலும் ஆட்களை இறக்கவில்லை. பம்பாய்த் துறைமுகத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எங்களை டெல்லியில் காக்கவைத்தார்கள் என்றேன். ஆனால் தரையில் வைத்திருந்தார்கள், ஓடுவதற்கு மைதானம் இருந்தது, திட்டுவதற்கு ஒரு சுபேதார் இருந்தார். இவர்களுக்கு இருந்தது கப்பலின் அடித்தளம். காலை நீட்ட இடமில்லை, காற்று இல்லை. அக்டோபர் 16-ல் ஒருவழியாகக் கப்பல்கள் புறப்பட்டன. கூட்டமாகப் போகும்போது எந்தக் கப்பல் ரொம்ப மெதுவோ அதன் வேகம்தான் எல்லாவற்றுக்கும் வேகம். காவலுக்கு வந்த கோலியாத் என்ற போர்க்கப்பலே வழியில் இயந்திரக் கோளாறில் நின்றுபோயிற்று. வயலையும் வரப்பையும் மட்டும் பார்த்து வளர்ந்தவனைக் கடல் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மொம்பாசா போய்ச் சேர்ந்தபோது அக்டோபர் முடிந்துவிட்டது. அங்கேயாவது இறக்கி நாலு நாள் காலாற நடக்கவிட்டிருக்கலாம். இறக்கவில்லை. அதிகாரிகள் கரையிறங்கிப் பேசினார்கள், ஆட்கள் கப்பலிலேயே இருந்தார்கள். அங்கிருந்து நேராக டாங்கா.

நவம்பர் 2 காலை டாங்காவுக்கு வெளியே போய் நின்றார்கள். இனிமேலாவது சட்டென்று இறங்கினார்களா? அதுவும் இல்லை. ஆகஸ்டில் கடற்படைக்காரர்கள் அந்த ஊரோடு ஒரு சண்டைநிறுத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். அது இனி செல்லாது என்று முறைப்படி அறிவிக்க வேண்டுமாம். ஃபாக்ஸ் என்ற கப்பலின் கேப்டன் துறைமுகத்துக்குள் போய் ஜெர்மன் அதிகாரியைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் கெடு கொடுத்தார். பிறகு கண்ணிவெடி இருக்கிறதா என்று தண்ணீரைத் துழாவினார்கள். இது நடக்கிற நேரத்தில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் கிளிமஞ்சாரோ அடிவாரத்திலிருந்து தன் ஆட்களை ரயிலேற்றினார். டாங்காவுக்கும் மோஷிக்கும் நடுவே ரயில் பாதை இருந்தது. இந்தப் பக்கம் ஒரு மாதமாகக் கப்பலில் கிடந்தவர்கள், அந்தப் பக்கம் ரயிலில் வந்து இறங்கியவர்கள். லெட்டோவிடம் இருந்தது சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் அஸ்காரிகள் என்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். நாட்டையும் காட்டையும் அறிந்தவர்கள்.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் 3-ல் முதல் தாக்குதல். 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்ஸும் முன்னேறி, அடி வாங்கித் திரும்பினார்கள். 4-ஆம் தேதி உச்சி வெயிலில் மொத்தப் படையும் புதர்க்காட்டுக்குள் நுழைந்தது. பத்தடிக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. மெஷின்கன் பேச ஆரம்பித்ததும் 63-வது பட்டாளத்தின் வரிசை உடைந்துவிட்டது. பலர் கடற்கரையை நோக்கி ஓடினார்கள். போதாததற்கு மரங்களிலிருந்த தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கொட்டின. மறுநாள் படை கப்பலுக்குத் திரும்பியது. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 800 பேருக்கு மேல். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் மெஷின்கன்களும் கரையிலேயே கிடந்தன. லெட்டோவுக்கு அது சீதனம் மாதிரி வந்து சேர்ந்தது. அவர் அதை வைத்து நீண்ட காலம் சண்டை போட்டார்.

எய்ட்கனைத் திருப்பி அழைத்து, கர்னலாகக் கீழிறக்கினார்கள். ஆனால் நினைவில் நின்ற பழி அவர் பேரில் இல்லை. 'மதராஸ் சிப்பாய் கோழை' என்று அதிகாரிகள் டைரியிலும் கடிதத்திலும் எழுதியதுதான் நின்றது. அதில் ரொம்பவும் மோசமாக எழுதியவர் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற உளவு அதிகாரி. புத்தகத்துக்குப் புத்தகம் அவரைத்தான் எடுத்துப் போட்டார்கள். அவர் டைரியைப் பின்னாளில் மாற்றி எழுதியிருக்கிறார் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். பறவை ஆராய்ச்சியில்கூட மற்றவர் சேகரித்த பறவைகளைத் தனதென்று காட்டிய மனுஷன் என்பது நிரூபணமாகிவிட்டது. அப்படிப்பட்டவருடைய சாட்சி! எதிர்த்தரப்பில் நின்ற சிப்பாய் ஒருவனுக்குக்கூட டைரி இல்லை.

ஓடியது நிஜம். அதை மறைக்க நான் வரவில்லை. "அதே படையில் போன காஷ்மீர் ரைஃபிள்ஸ் நின்றார்களே, 101-வது கிரெனேடியர்ஸ் அவ்வளவு பேர் விழுந்தும் நின்றார்களே" என்று இங்கே யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. கடல் எல்லோருக்கும் ஒரே கடல்தான். ஆனால் ஒரு மாதக் காத்திருப்பு எல்லோரையும் ஒரே அளவில் உடைப்பதில்லை. ஏற்கனவே நல்ல பயிற்சியில் இருந்தவன் அதைத் தாங்குவான், வருஷக்கணக்காகச் சண்டை பார்க்காத பட்டாளம் தாங்காது. ஒருவரோடொருவர் பழகாத பட்டாளங்களை அவசரத்தில் சேர்த்து ஒரு படை என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள் அல்ல. இறங்கி ஓய்வெடுக்க விடாதவர்களும் அவர்கள் அல்ல. நான் சில வாரம் மட்டுமே, கெட்டித் தரையில், மூன்று வேளைச் சாப்பாட்டோடு காத்திருந்தவன். அதிலேயே நல்ல திடமான ஆட்கள் எப்படித் தளர்ந்து போனார்கள் என்று பார்த்தவன். அந்தக் கப்பலின் அடித்தளத்தை நினைத்துப் பார்க்கும்போது 'கோழை' என்ற சொல் என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஆறாம் நாள் கோமாவில் இறங்கினோம். ஜன்னல் வழியே பார்த்தால் ஓடுபாதை முடிகிற இடத்தில் கறுப்புப் பாறை. ஊரே கறுப்பு. அந்த எரிமலைக் கல்லையே உடைத்துச் சுவர் கட்டிக் குடியிருந்தார்கள் ஜனங்கள். ஒரு அம்மா முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர்க் கேனோடு, எங்கள் வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள். நாங்கள் ஆறு வாரம் தாமதமாக வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. எங்களுக்காக அங்கே காத்திருந்த பழைய பிரிவுக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் கிட் பேக்கும் ஆறு வாரமாகக் கட்டியே இருந்தது. அவர்கள் வீட்டிலும் தெருவில் போகிறவர்கள் "இன்னும் வரலியா?" என்று கேட்டிருப்பார்கள்.

டாங்காவில் அந்தப் போரில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நான் இன்னும் போனதில்லை, போக வேண்டும். அதற்கு முன்னால் இங்கேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் வெளிநாடு போன சிப்பாய்களுக்குக் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் பொறித்திருக்கும். நம்ம மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் பழைய டிரங்குப் பெட்டிக்குள் இப்படி ஒன்று கிடக்கலாம். தாத்தாவுக்குத் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று மட்டும் சொல்வார்கள், எங்கே போனார் என்று தெரியாது. தம்பி தங்கைகளே, லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். விளிம்பில் 63 என்றோ 61 என்றோ இருந்தால் மெருகு போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். பழுப்பேறின டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தாலும் சரி. ஒரு போட்டோ எடுத்து நம்ம வரலாற்றுத் துறையில் கொண்டுவந்து கொடுங்கள். துறைத்தலைவர் ஒரு பதிவேடு திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் வெள்ளிக்கிழமை வரை ஊரில்தான் இருக்கிறேன்.